பச்சிளங் கண்களைக் காத்த வெள்ளித் துளி

வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கத்தின் மலரில் வெள்ளியைப் பற்றியே ஒரு வரலாற்றுக் கட்டுரை வரைவது பொருத்தமாகும் எனக் கருதினோம். ஆயின், இஃது அணிகலன் செய்யும் வெள்ளி அன்று. பிறந்த குழந்தையின் கண்ணில் ஒரே ஒரு துளியாக விழுந்து, எண்ணற்றோரைப் பார்வை இழப்பினின்று காத்த வெள்ளி உப்பு ஆகும். மன்னர்களின் போர்களையும் அவை நிகழ்ந்த ஆண்டுகளையும் மனப்பாடம் செய்கின்ற நம் இளைஞர்கள் இத்தகைய வரலாற்றையும் அறிதல் வேண்டும். போர்களின் வரலாற்றில் நம் பாட்டன்மார் பெயர்கள் எழுதப்படவில்லை. நோய்களின் வரலாற்றிலோ, பெயர் எழுதப்படாமலே, அவர்கள்தாம் முன்வரிசையில் நிற்கின்றனர்.

எம் தெருப் பெரியவர்

நாம் சிறுவராய் இருந்த காலத்தில், துவாக்குடியில் எம் தெருவில் பார்வையற்ற பெரியவர் ஒருவர் வாழ்ந்து வந்தார். கயிறு திரிப்பதில் வல்லவர். காலடி ஓசையைக் கேட்டே, வருபவன் இன்னார் மகன் என்று கூறிவிடுவார். ஊரார் அவரைப் 'பிறவிக் குருடர்' என்றே சுட்டினர். நாகதோஷம் என்றனர் சிலர்; முன்வினைப் பயன் என்றனர் வேறு சிலர். அவருடைய வயது முதிர்ந்த தாயார் மட்டும் அதனை ஒப்புக்கொண்டதே இல்லை. திண்ணையில் அமர்ந்து எம்மிடம் ஒரு நாள் அவர் கூறிய சொற்கள் இன்றும் செவியில் ஒலிக்கின்றன.

"என் புள்ள குருடாப் பொறக்கல தம்பி. பொறந்தப்போ கண்ணத் தொறந்து என்னயப் பாத்தான்."

மூன்றாம் நாள் குழந்தையின் இமைகள் வீங்கிச் சிவந்தனவாம். இமையைப் பிரித்தால் மஞ்சள் நிறச் சீழ் வழிந்ததாம். தாய்ப்பாலைப் பீய்ச்சினர், நந்தியாவட்டைப் பூவைப் பிழிந்து விட்டனர், கண்ணேறு கழித்தனர், மையும் இட்டனர். எதற்கும் வீக்கம் வடியவில்லை. எட்டாம் நாள் மாட்டு வண்டியில் நகரத்து மருத்துவமனை ஒன்றுக்குக் கொண்டு சென்றனர். அங்கு எல்லாரையும் பார்த்து முடிக்கும் வரை இவர்களைப் புறத்தே மரத்தடியில் காத்திருக்கச் செய்தனர். மாலையில் மருத்துவர் இமையை விலக்கிப் பார்த்தபோது, இரு கருவிழிகளும் வெண்மை பூத்துப் போயிருந்தன. காலம் கடந்துவிட்டது என்று கூறி அனுப்பிவிட்டனர்.

தாயின் சொல்லை அன்று நாம் ஆறுதல் மொழி என்றே எண்ணினோம். ஆசிரியப் பணியேற்ற பின்னர், மருத்துவ வரலாற்று நூல்களைப் படிக்கப் படிக்கத்தான் அவர் உரைத்தது முழு உண்மை என்பது எமக்குப் புலனாயிற்று. அக்குழந்தை பார்வையுடன் பிறந்தது. பிறந்த முதல் வாரத்தில் பார்வை பறிபோயிற்று. பறித்தது விதியன்று, கண்ணுக்குப் புலப்படாத ஒரு கிருமி.

நோயின் தன்மை

பச்சிளங் குழந்தைக் கண்ணழற்சி என்று இந்நோயை அழைக்கலாம். குழந்தை பிறப்பு வழியாக வெளிவரும்போது, தாயின் உடலில் உள்ள நோய்க்கிருமிகள் அதன் கண்களில் ஒட்டிக்கொள்கின்றன. அவற்றுள் கொடியது, நம் மக்கள் 'வெட்டை நோய்' என்று கூறும் நோயை உண்டாக்கும் கோனோகாக்கஸ் என்னும் கிருமி. பெரும்பாலும் பிறந்த இரண்டு முதல் ஐந்து நாள்களுக்குள் இமைகள் வீங்கிச் சீழ் பெருகும். கவனிக்காது விட்டால் கருவிழியில் புண் உண்டாகி, துளை விழுந்து, கண்ணே அழிந்துபோகும். கெடுதலுக்கு ஓரிரு நாள்களே போதும்.

இந்நோய் ஏழை நாடுகளுக்கு மட்டும் உரியதாய் இருந்ததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் பார்வையற்றோர் பள்ளிகளில் பயின்ற பிள்ளைகளுள் கணிசமானோர் இவ்வாறு முதல் வாரத்திலேயே பார்வை இழந்தவர்களாவர். அங்கும் மக்கள் இதனைக் குளிர்காற்று என்றும், கூசும் வெளிச்சம் என்றும், ஆண்டவன் சித்தம் என்றும் கூறிக்கொண்டிருந்தனர்.

லைப்சிக் நகரத்துப் பேராசிரியர்

ஜெர்மனியின் லைப்சிக் நகரில் மகப்பேற்று மருத்துவப் பேராசிரியராக விளங்கியவர் கார்ல் கிரெடே (1819–1892). அவருடைய மகப்பேற்று மனையில் பிறந்த குழந்தைகளுள் நூற்றுக்குப் பத்துக்கும் மேற்பட்டவை இக்கண்ணோயால் துன்புற்றன. ஏதிலியரும் ஏழைப் பெண்களும் மகப்பேற்றுக்கு வந்த காலம் அது. மருத்துவமனை வாயிலில் நலமாய் நுழைந்த உயிர், பார்வையின்றி வெளியேறுவதை அவரால் பொறுக்க இயலவில்லை.

முதலில் அவர் தாய்மார்களின் பிறப்பு வழியைக் கிருமிநாசினி நீரால் கழுவச் செய்தார். நோய் சற்றுக் குறைந்ததே அன்றி நீங்கவில்லை. பின்னர், குழந்தையின் கண்ணையே காக்க வேண்டும் எனத் துணிந்தார். 1879 ஆம் ஆண்டின் இறுதியில், நோய் இருப்பதாக ஐயுற்ற தாய்மார்களின் குழந்தைகளுக்கு மட்டும் வெள்ளி நைட்ரேட் கரைசலைக் கண்ணில் இட்டார். மருந்து இடப்பெற்ற குழந்தைகள் தப்பின. ஆனால், 'நோயற்றவர்' என்று கருதப்பட்ட தாய்மார்களின் குழந்தைகளுள் சில நோயுற்றன. தாயின் முகத்தைப் பார்த்து, 'இவள் நோயுடையவள், இவள் நோயற்றவள்' எனப் பிரிப்பது பிழையாய் முடிந்தது.

ஆகவே 1880 ஆம் ஆண்டு ஜூன் திங்கள் முதல் அவர் ஒரு முடிவெடுத்தார். செல்வர் குழந்தை, ஏழைக் குழந்தை, மணமானவள் குழந்தை, மணமாகாதவள் குழந்தை என்னும் வேற்றுமை பாராது, பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் மருந்து இட வேண்டும் என்பதே அம்முடிவு. செய்முறை மிக எளியது. குழந்தையைக் குளிப்பாட்டிய பின் கண்களைத் தூய நீரால் துடைக்க வேண்டும். இமைகளைச் சற்றே விலக்கி, ஒரு கண்ணாடிக் குச்சியின் நுனியால் இரண்டு விழுக்காட்டு வெள்ளி நைட்ரேட் கரைசலில் ஒரு துளியைக் கண்ணில் விட வேண்டும். அவ்வளவே. படிப்பறிவு குறைந்த மருத்துவச்சியும் செய்யக்கூடிய பணி அது. ஒரு சில ஆண்டுகளுக்குள் அம்மனையில் இந்நோய் ஆயிரத்துக்கு ஒன்றிரண்டு என்னும் அளவுக்கு அருகிப் போயிற்று. 1881 இல் அவர் தம் முறையை வெளியிட்டார்; அது நாடு நாடாகப் பரவியது.

இளைஞர்களே! இவ்விடத்தில் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். மருந்து புதியதன்று, வெள்ளி உப்பை மருத்துவர்கள் முன்னரே அறிந்திருந்தனர். கிரெடே கண்ட புதுமை, அதனை 'எல்லார்க்கும்' என்று ஆக்கியதுதான். சிலர்க்கு மட்டும் என்றபோது தோற்ற மருத்துவம், எல்லார்க்கும் என்றபோது வென்றது.

நாணமும் சட்டமும்

கிரெடே தம் ஆய்வில் ஈடுபட்டிருந்த 1879 ஆம் ஆண்டிலேயே, ஆல்பர்ட் நைசர் என்னும் இளம் மருத்துவர் வெட்டை நோய்க் கிருமியைக் கண்டறிந்தார். குழந்தைகளின் கண்ணில் வழிந்த சீழிலும் அதே கிருமி காணப்பட்டது. காரணம் ஐயத்திற்கு இடமின்றித் தெளிவாயிற்று. எனினும், அது பால்வினை நோய் ஆகையால், அதனைப் பற்றிப் பேசவே சமுதாயம் நாணிற்று. பேசாமையின் விலையைக் குழந்தைகள் தம் கண்களால் செலுத்தினர்.

அமெரிக்காவின் பஃபலோ நகரக் கண் மருத்துவர் லூசியன் ஹோவ் என்பார் இடைவிடாது முயன்றதன் பயனாக, நியூயார்க் மாநிலத்தில் 1890 இல் ஒரு சட்டம் பிறந்தது. பிறந்து இரு வாரங்களுக்குள் குழந்தையின் கண் சிவந்தாலோ வீங்கினாலோ, மருத்துவச்சி ஆறு மணி நேரத்துக்குள் அதனை எழுத்து மூலம் அறிவித்தாக வேண்டும் என்று அச்சட்டம் பணித்தது. பார்வையும் செவிப்புலனும் இழந்தும் உலகப் புகழ் எய்திய ஹெலன் கெல்லர், 1907 இல் பெண்கள் படிக்கும் ஒரு புகழ்மிக்க இதழிலேயே இந்நோயைப் பற்றி வெளிப்படையாக எழுதினார். இந்நோய் கண்டவுடன் அறிவிக்கப்பட வேண்டிய ஒன்று என்று இங்கிலாந்தில் 1914 இல் விதிக்கப்பட்டது.

இங்கு ஒன்று கூறுதல் கடமையாகும். இக்கிருமியைப் பெரும்பாலும் கணவனே மனைவிக்குக் கொண்டு வருகின்றான். பெண்ணின் உடலில் அது வெளிப்படையான குறி எதுவும் காட்டாமலே தங்கியிருக்கும். வெட்டை நோயன்றிப் பிற கிருமிகளாலும் குழந்தையின் கண் அழற்சி கொள்ளும். எனவே, தாயைப் பழிப்பது அறியாமை மட்டுமன்று, அநீதியுமாகும். எம் தெரு அன்னையை வாழ்நாள் முழுவதும் 'பாவம் செய்தவள்' என்று தூற்றிய நாக்குகளை நினைக்கும்தோறும் நெஞ்சம் கனக்கின்றது.

சென்னை மாகாணத்தில்

இந்த அறிவு நம் நாட்டுக்கு வராமல் இல்லை. சென்னையில் கண்ணுக்கென ஒரு மருத்துவமனை 1819 இலேயே தோன்றியது; உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளுள் அதுவும் ஒன்று. எழும்பூர் மகப்பேற்று மருத்துவமனை 1844 இல் தொடங்கப்பட்டது. நம் திருச்சியில் ஜோசப் கண் மருத்துவமனை 1934 இல் தோன்றியது. மருந்தும் இருந்தது, மருத்துவரும் இருந்தனர். ஆயின், மருத்துவமனைக்கும் நம் தெருவுக்கும் இடையே இருந்த தொலைவு வெறும் கல் கணக்கில் அளக்கத்தக்கதாய் இருக்கவில்லை.

சான்றுக்கு ஒன்று கூறுவோம். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1875 இல் சேர்ந்த முதற் பெண்களுள் ஒருவரான மேரி ஷார்லீப் அம்மையார், ஆண் மருத்துவரிடம் செல்லத் தயங்கிய பெண்கள் பொருட்டு 1885 இல் ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். அவருடைய தொண்டு போற்றுதற்குரியது, அதில் ஐயமில்லை. ஆனால் அம்மருத்துவமனைக்கு இடப்பெற்ற பெயர் 'சாதிப் பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்குமான விக்டோரியா மருத்துவமனை' என்பதாகும். உயிர் காக்கும் இல்லத்தின் பெயர்ப் பலகையிலேயே சாதி எழுதப்பட்டிருந்தது! அப்பலகையின் கீழ் நம் பாட்டி ஒருத்தி பேற்று நோவுடன் வந்து நின்றிருந்தால், அவள் நெஞ்சம் என்ன பாடுபட்டிருக்கும்? அதே மருத்துவமனை பிற்காலத்தில் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை எனப் பெயர் மாறி, எல்லாத் தாய்மார்க்கும் உரியதாயிற்று என்பது மகிழ்ச்சிக்குரிய செய்தி.

மற்றொரு சான்று நம் மாகாணத்துக்கு வெளியே நிகழ்ந்தது. அண்ணல் அம்பேத்கர் தம் வாழ்வு அனுபவங்களைக் கூறும் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்னும் சிறு நூலில் அதனை எடுத்துக்காட்டியுள்ளார். கத்தியவாரில் தாழ்த்தப்பட்டோர் பள்ளியின் ஆசிரியர் ஒருவருடைய மனைவி, 1929 இல், குழந்தை பெற்ற சில நாள்களில் நோயுற்றார். அழைக்கப்பட்ட மருத்துவர் சேரிக்குள் வர மறுத்தார். ஊர்ப் பெரிய மனிதர்கள் கட்டணத்திற்குப் பொறுப்பேற்ற பின்னரே புறப்பட்டார். அப்போதும், பச்சைக் குழந்தைக்காரியைச் சேரிக்கு வெளியே தூக்கி வரச் செய்தார். வெப்பமானியைத் தம் கையால் கொடுக்காமல், இன்னொருவர் கையில் கொடுத்து, அவர் கணவனிடம் கொடுத்து, கணவன் மனைவிக்கு வைத்தான். உடலைத் தொட்டுப் பாராமலே மருந்து கூறப்பட்டது. அத்தாய் உயிர் பிழைக்கவில்லை. நம்மைப் போன்ற ஓர் ஆசிரியனுக்கு நேர்ந்தது இது. தாயின் கையைத் தொடாத மருத்துவம், சேயின் இமையை விலக்கித் துளி விடுவது எங்ஙனம்?

பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொது அலுவலகம் ஆகியவற்றில் எவரையும் தடுத்தல் கூடாது என்று 1924 இல் சென்னைச் சட்டமன்றத்தில் நம் தலைவர்கள் போராடித் தீர்மானம் நிறைவேற்றச் செய்ததன் அருமை இப்போது விளங்கும். நடக்கும் உரிமை வெறும் நடக்கும் உரிமையன்று. மருந்தை அடையும் உரிமையும் அதுவே. 1926 இல் செவிலியர், மருத்துவச்சியர் பற்றிய சட்டம் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்டது. எனினும், பயிற்சி பெற்ற மருத்துவச்சி நம் தெருக்களுக்கு வந்து சேரப் பல பத்தாண்டுகள் ஆயின. கிரெடே வெற்றி கண்டு ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழிந்த பின்னர்ப் பிறந்தவர் எம் தெருப் பெரியவர். லைப்சிக்கிலிருந்து ஒரு துளி துவாக்குடிக்கு வந்து சேர அறுபது ஆண்டுகளும் போதவில்லை.

வெள்ளிக்குப் பின்

அறிவியல் அத்துடன் நின்றுவிடவில்லை. 1930 இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் செசில் பெயின் என்னும் மருத்துவர், ஃபிளெமிங் கண்டறிந்த பெனிசிலின் பூஞ்சையின் சாற்றை, இக்கண்ணோயால் துன்புற்ற ஒரு குழந்தைக்கு இட்டு நலம் கண்டார். பெனிசிலினால் நோய் தீர்ந்ததாகப் பதிவான முதல் நிகழ்ச்சிகளுள் ஒன்று பச்சிளங் குழந்தையின் கண்ணில் நிகழ்ந்தது என்பது வியப்புக்குரியது.

வெள்ளி நைட்ரேட்டுக்குக் குறைகளும் உண்டு. துளி விட்ட பின் ஓரிரு நாள் கண் சிவந்து உறுத்தும். கிளமிடியா என்னும் மற்றொரு கிருமியை அது நன்கு தடுப்பதில்லை. ஆகவே பிற்காலத்தில் எரித்ரோமைசின், டெட்ராசைக்ளின் களிம்புகள் பல நாடுகளில் அதன் இடத்தைப் பெற்றன. உலகச் சுகாதார நிறுவனம் 2016 இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், எல்லாப் பச்சிளங் குழந்தைகளுக்கும் கண் தடுப்பு மருந்து இடுதல் வேண்டும் எனப் பரிந்துரைத்தது. கனடா நாட்டுக் குழந்தை மருத்துவர் சங்கமோ, தாயைக் கருவுற்ற காலத்திலேயே சோதித்து மருந்தளிப்பதே சிறந்தது என 2015 இல் கூறியது. வழிகள் வேறாயினும் இரண்டிலும் அடிப்படை ஒன்றே: ஒரு தாயும் விடுபடலாகாது.

நாம் செய்ய வேண்டுவன

இன்று தமிழ்நாட்டில் ஏறத்தாழ எல்லாப் பேறுகளும் மருத்துவமனைகளிலேயே நிகழ்கின்றன. துவாக்குடியிலேயே அரசு மருத்துவமனை உள்ளது. நம் அன்னையர் மரத்தடியில் காத்திருந்த காலம் மறைந்தது. ஆயினும் அறிவு இல்லாவிடின், அருகிலுள்ள மருத்துவமனையும் தொலைவில் உள்ளதே ஆகும். ஆகவே, ஒவ்வொரு இல்லத்திலும் கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடிக்குமாறு வேண்டுகின்றோம்.

கருவுற்ற பெண் தொடக்கத்திலேயே பெயரைப் பதிந்துகொண்டு, எல்லாச் சோதனைகளையும் செய்துகொள்ள வேண்டும். நோய் ஏதும் காணப்பட்டால் கணவனும் உடன் மருத்துவம் பெற வேண்டும். நாணி ஒளிதல் ஆண்மையன்று.

பிறந்த குழந்தையின் கண்ணைத் தூய பஞ்சினால், ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாக, மூக்கின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் துடைத்தல் வேண்டும். கண்ணுக்குள் மையோ, எண்ணெயோ, பூச்சாறோ, தாய்ப்பாலோ இடுதல் கூடாது. கண்ணேறு படாதிருக்கப் பொட்டு வைக்க விரும்பும் பாட்டிமார், அதனைக் கண்ணருகே வையாது உள்ளங்காலில் வைத்து மன அமைதி கொள்வார்களாக.

முதல் மாதத்தில் இமை வீங்கினாலோ, சீழ் வழிந்தாலோ, கண்ணைத் திறக்க இயலாவிடினும், அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். 'நாளை பார்ப்போம்' என்னும் சொல்லே கண்ணைக் கெடுக்கும். இந்நோயைத் தீர்க்க இன்று ஊசி மருந்து உண்டு. தாய் தந்தையர்க்கும் மருந்து உண்டு.

குறைமாதத்தில் மிகச் சிறிய எடையுடன் பிறந்த குழந்தைகளுக்கு விழித்திரை நோய் உண்டாகலாம். வெளியிலிருந்து பார்த்தால் கண் நலமாகவே தோன்றும். பிறந்து நான்கு வாரங்களுக்குள் விழித்திரைச் சோதனை செய்வித்தல் இன்றியமையாதது. குழந்தைகளின் பிறவிக் குறைகளையும் நோய்களையும் கண்டறிவதற்கென 2013 இல் தொடங்கப்பட்ட தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் இச்சோதனையும் அடங்கும். அரசு மருத்துவமனையில் கேட்டுப் பெறுவது நம் உரிமை.

முடிவாக

நம் சங்கம் இரவுப் பாடசாலை தொடங்கிய முதல் ஆண்டுகளில், அப்பெரியவர் நாள்தோறும் வந்து வாயிற்படியருகே அமர்வார். பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும்போது தாமும் உடன் சொல்வார். பிழையாகச் சொன்னவனை ஓசை கொண்டே கண்டுபிடித்துத் திருத்துவார். அறுபது வயதில் அவர் பதினாறாம் வாய்ப்பாடு வரை கற்றுத் தேர்ந்தார். பார்வையோடு வளர்ந்திருந்தால், முறையாகப் பள்ளி சென்றிருந்தால், இம்மலரில் கட்டுரை எழுதுபவர் அவராகவும் இருந்திருக்கலாம் அன்றோ?

அவர் இன்று நம்மிடையே இல்லை. அவருடைய அன்னை அவருக்கும் முன்னரே மறைந்தார். 'என் பிள்ளை குருடாய்ப் பிறக்கவில்லை' என்று அவர் கூறிய சொல்லை வரலாறு மெய்ப்பித்துவிட்டது என்பதை அவரிடம் கூறும் பேறு நமக்கு வாய்க்கவில்லை. ஆதலின், அதனை இம்மலரில் எழுதி வைக்கின்றோம்.

கல்வியும் அவ்வெள்ளித் துளி போன்றதே. தகுதி உடையோர், தகுதி அற்றோர் என்று பிரித்துச் சிலர்க்கு மட்டும் அளித்தால் அது தோற்கும். ஒரு குழந்தையும் விடுபடாது எல்லார்க்கும் அளித்தால் அது வெல்லும். கடைசித் தெருவின் கடைசி வீடு வரை அத்துளியைக் கொண்டு செல்வதே கால் நூற்றாண்டு கடந்த நம் சங்கத்தின் பணி. மருத்துவராகவும் செவிலியராகவும் ஆசிரியராகவும் வளர்ந்து வரும் நம் இளைஞர்கள் அப்பணியைத் தம் கையில் ஏற்பார்களாக!

வாழ்க நம் சங்கம்! வளர்க அதன் தொண்டு!